அஞ்சு வருசம், 47,000 கிலோமீட்டர்: செம்மண்ணுக்கும் கோத்தா பாருக்கும் ஒரே மோட்டார்சைக்கிள்

இன்னிக்கு காலையில மீட்டர் 58,240. நான் வாங்குறப்போ 11,300. ஹோண்டா சிஆர்எஃப் 250 எல், 2014 மாடல், செகண்ட் ஹேண்டு, தைப்பிங்ல ஒருத்தர்கிட்ட 12,800 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து 2020 பிப்ரவரி கடைசில எடுத்தேன். வீட்டுக்கு கொண்டாந்து மூணு வாரம்கூட ஆகல, மார்ச் 18 கொரோனாவுக்காக பிகேபி, அதான் நடமாட்டக் கட்டுப்பாடு, போட்டு நாட்டையே பூட்டிட்டாங்க. தெனம் காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் ஓட விட்டுட்டு ஆஃப் பண்ணுவேன், பக்கத்து வீட்டு பாட்டி "என்னா தம்பி, பூச பண்றியா அதுக்கு"ன்னு கேட்டுச்சு. அப்புறம் தொறந்தாங்க, மூடுனாங்க, மறுபடி தொறந்தாங்க. 2021 அக்டோபர் 11-ல மாநிலம் தாண்டலாம்னு விட்டாங்க பாருங்க, என் நெசமான லாங் ரைடு அதுக்கப்புறம்தான்.

ஊரு மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட். அப்பா அம்மா இன்னும் தோட்டத்து வீட்லதான் இருக்காங்க, நான் டவுனுல. எனக்கு வேண்டியது ரெண்டே விசயம். ஞாயித்துக்கெழம செம்பன (எண்ணெய்ப்பனை) காட்டு ரோடு, லிந்தாங், லாசா பக்கம் செம்மண்ணு, ஆத்தோரம்னு சுத்தணும். வருசத்துக்கு நாலஞ்சு தடவ துணிமணிய கட்டிக்கிட்டு கிழக்குக்கரை வரைக்கும் போய்ட்டு வரணும். ரெண்டு மோட்டார் வாங்க காசும் இல்ல, வீட்ல எடமும் இல்ல, பொண்டாட்டிகிட்ட கேக்குற தைரியமும் இல்ல.

லைசென்ஸ் கதைய மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல பாதி பேருக்கு இதுதான் முடிவு பண்ணுது. என்கிட்ட இருக்கறது பி2, 250 சிசிய தாண்டக்கூடாது. ஃபுல் பி எடுக்கலாம்தான், ஆனா கிளாஸ், டெஸ்ட்டு, காசு, லீவு எல்லாம் ஒண்ணா அமையணும்ல. அதனால ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மேல இருந்த ஆச அங்கயே முடிஞ்சுது. நல்ல வண்டிதான், 15 லிட்டர் டேங்க், 800 மில்லிமீட்டர் சீட்டு, கால் நல்லா எட்டும். ஆனா 199 கிலோ. இந்த கிலோ கணக்கு அப்போ எனக்கு பெருசா படல, பட்டது வேற ஒரு நாளு.

என் மச்சான்கிட்ட கவாசாக்கி வெர்சிஸ் எக்ஸ் 250 இருந்துச்சு. 250-க்குள்ள ரெண்டு சிலிண்டர், 17 லிட்டர் டேங்க், ஹைவேயில 110-ல உக்காந்தா சோபால உக்காந்த மாதிரி போகும். அதையேதான் வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டேன். வாங்குறதுக்கு முன்ன ஒரு தடவ தோட்டத்துக்குள்ள ஓட்டி பாக்கலாம்னு மச்சான கூட்டிக்கிட்டு போனேன், முந்தின ராத்திரி நல்ல மழ. செம்மண்ணு மழைக்கப்புறம் எப்பிடி இருக்கும்னு தோட்டத்துல வளந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, சோப்புதான். ஒரு சின்ன எறக்கம், முன் சக்கரம் லேசா வழுக்குச்சு, வண்டி அப்பிடியே சாஞ்சு ஓரத்து அல்லூருக்குள்ள, அதான் வாய்க்காலுக்குள்ள, ஹேண்டில வச்சு படுத்துக்கிச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா 170 கிலோவுக்கு மேல இருக்கற வண்டி, தலைகீழா சரிஞ்சு கெடக்கு, கால் ஊனுற எடமெல்லாம் சேறு. நானும் மச்சானும் மூச்சு வாங்க இழுத்தும் ஒரு சாணு நகரல. கடைசில குல வெட்டுற வங்காளதேச பசங்க ரெண்டு பேரு வந்து, நாலு பேரா சேந்து தூக்குனோம். திரும்பி வர்றப்போ மச்சான் வாயே தொறக்கல. நான் நெனச்சிக்கிட்டு வந்தது ஒண்ணுதான்: இன்னிக்கு நான் தனியா வந்திருந்தா?

அன்னியிலேந்து என் கேள்வியே மாறிப்போச்சு. ஹைவேயில எத்தன ஓடும்ங்கறத விட்டுட்டேன், அல்லூர்லேந்து நான் ஒருத்தனே தூக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. ஏன்னா லாங் ரைடுல உள்ள கஷ்டம் எல்லாம் உக்காந்து பொறுத்துக்கற கஷ்டம், சீட்ட மாத்தலாம், மெதுவா போகலாம், நிறுத்தி தே தாரே குடிக்கலாம். காட்டுக்குள்ள வண்டி படுத்துடுச்சுன்னா பொறுத்துக்க ஒண்ணும் இல்ல, தூக்கணும், இல்ல விட்டுட்டு நடக்கணும்.

அந்த கணக்குப்படி பாத்தா கவாசாக்கி கேஎல்எக்ஸ் 150தான் ராஜா, 118 கிலோ, ஒரு கையாலயே நிமித்திடலாம் போல. ரோட்டேக்ஸும் ரெண்டே வெள்ளி, 250-க்கு 50 வெள்ளி. ஆனா 144 சிசிய வச்சுக்கிட்டு ஹைவேயில பின்னாடி லோரி வர்றப்போ கண்ணாடில அவன் லைட்ட பாத்துக்கிட்டே போறது ஒரு வாழ்க்கையா சொல்லுங்க. நடுவுல நின்னது சிஆர்எஃப். 144 கிலோ, முன்னாடி 21 இஞ்சு, பின்னாடி 18 இஞ்சு சக்கரம், தரைக்கும் வண்டி வயித்துக்கும் 255 மில்லிமீட்டர். இஞ்சினு சிபிஆர் 250 ஆர்ல வந்த அதே ஒத்த சிலிண்டர்தான், தண்ணி கூலிங், 6 கியர். சீட்டு மட்டும் 875. நான் அஞ்சரை அடி ஆளு, ரெண்டு காலும் நுனி வெரல்லதான் நிக்கும். பின் சஸ்பென்ஷன் லிங்க்க மாத்தி வண்டிய எறக்கிடலாம்னு நெறைய பேரு சொன்னாங்க, நான் எறக்கல, எறக்குனா அந்த 255-ம் கொறையும், அப்புறம் எதுக்கு இந்த வண்டி. சிக்னல்ல ஒரு பக்கமா சாஞ்சு ஒத்த கால்ல நிக்க பழகிட்டேன்.

காட்டு பக்கம் இது எப்பிடின்னா, நான் ஓட்டறத விட நல்லா ஓடுது. சஸ்பென்ஷன் மெத்து மெத்துன்னு இருக்கும், கல்லு குழி எல்லாம் முழுங்கிடும், வேகமா குதிக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு பத்தாது. விழுந்தது கணக்கில்ல. தூக்க முடியாம போனது ஒரு தடவகூட இல்ல. ஹேண்டில முழுசா ஒரு பக்கம் திருப்பி, முதுக வண்டிக்கு குடுத்து, குந்துன மாதிரி உக்காந்து காலால தள்ளுனா எந்திரிச்சிடும்.

செம்பன காட்டுல பெரிய எதிரி மட்ட. வெட்டி போட்ட மட்டையோட அடிப்பக்கம் முள்ளு ஆணி மாதிரி, ஏறுனா நேரா டியூப்தான். அதுக்காக எப்பவும் 21 இஞ்சு டியூப் ஒண்ணு மட்டும் பையில இருக்கும், அவசரத்துக்கு அதையே பின்னாடி 18 இஞ்சுக்கும் மடிச்சு போட்டு வீடு வந்து சேந்துடலாம், நான் ரெண்டு தடவ வந்திருக்கேன். டயர் காத்து, வண்டியோட புக்குல 22 பிஎஸ்ஐ போட்டிருக்கு, சேத்துக்கு நான் 17 வரைக்கும் எறக்குவேன். ஆரம்பத்துல யாரோ சொன்னாங்கன்னு 12 வச்சு ஓட்டுனேன், டயர் ரிம்முல நழுவி டியூப்போட வால்வ பிச்சிருச்சு. டயர ரிம்மோட கவ்வி பிடிக்கற ரிம் லாக் இல்லாம அவ்ளோ எறக்கக்கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தோட்டத்துக்குள்ள ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்த மாதிரி ஆச்சு. அப்போ ஒரு பெரியவரு, பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5, பின்னாடி ரெண்டு சாக்கு மூட்ட, கால்ல ஜப்பான் சிலிப்பர், அதே ரோட்ல என்ன தாண்டி போனாரு. நின்னு வண்டிய மேலயும் கீழயும் பாத்தாரு. "ஒசரமா நல்லாதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. எங்க அப்பாவும் சி70-லதான் ரப்பர் பால் வாளிய கட்டிக்கிட்டு இதே பாதையில 20 வருசம் போனாரு, நான் இங்க பூட்ஸ் போட்டு, முட்டிக்கு கவசம் போட்டு.

எல்பில் தோட்டத்து பக்கம் போறப்போ மட்டும் கொஞ்சம் மெதுவா போவேன். 1948 ஜூன் 16 இங்க வெள்ளக்கார தொரைய கம்யூனிஸ்டுங்க சுட்டு கொன்னதுலதான் எமர்ஜென்சியே, அதான் அவசரகாலம், ஆரம்பிச்சுது, எங்க தாத்தா அந்த கதைய நூறு தடவ சொல்லியிருப்பாரு. இப்ப பாத்தா வெறும் ரோடுதான்.

அப்புறம் ஆறு. நம்ம பக்கத்து ஆத்து பேரு பிளஸ், ஹைவே பேரும் பிளஸ், வெளியூர் கூட்டாளிங்க "நேத்து பிளஸ்ல எறங்குனேன்"னு சொன்னா டோல்ல எறங்குனேன்னு நெனப்பானுங்க. மோட்டாருக்கு அங்க டோலு இல்ல, இங்க பாலமும் இல்லாத எடத்துல எறங்கிதான் கடக்கணும். முட்டி அளவு தண்ணி வரைக்கும் தைரியமா போவேன். ஒரு தடவ நடு ஆத்துல கல்லு உருண்டு வண்டி படுத்துடுச்சு, இஞ்சினு நின்னுச்சு. அந்த நேரம் பதறி ஸ்டார்ட் பட்டன அமுக்குனா போச்சு, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டன் அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். கரைக்கு தள்ளி, பிளக்க கழட்டி, தண்ணிய வெளிய தள்ளிட்டு, ஏர் ஃபில்டர புழிஞ்சு காய வச்சு, ஒண்ணர மணி நேரம். எடுத்துச்சு. அன்னிக்கே எண்ணெய மாத்திட்டேன், பால் காப்பி மாதிரி வந்துச்சு.

சரி, லாங் ரைடு. மொத பெரிய ட்ரிப்பு கோலகங்சார், லெங்கோங், கெரிக், அங்கேந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, ஜெலி, கோத்தா பாரு. ஒரு பக்கம் மட்டும் 350 கிட்ட வரும். இங்கதான் இந்த வண்டியோட குறை எல்லாம் வரிசையா வரும். டேங்க் 7.7 லிட்டர்தான். பழைய ரோட்ல 80, 90-ல போனா லிட்டருக்கு 30 குடுக்குது, ஹைவேயில 110 முறுக்குனா 25-க்கு வந்துடும், அதனால 160, 170-லயே கண்ணு பம்ப தேட ஆரம்பிச்சிடும். கெரிக்லேந்து ஜெலி ஏறக்கொறைய 120, கெரிக்ல ஃபுல் பண்ணிட்டா தாண்டிடலாம், பண்ணாம ஏறுனா மலைமேல யானைகிட்டதான் பெட்ரோல் கேக்கணும். வெளையாட்டுக்கு சொல்லல, யானை கடக்கற எடம்னு போர்டே இருக்கு, ரோட்டுல சாணி கெடந்ததயும் பாத்திருக்கேன், அதனால இருட்டுல அந்த ரோட்ட தொடறதே இல்ல. இப்ப ஒண்ணர லிட்டர் பாட்டில் ஒண்ணு, பெட்ரோலுக்குன்னே விக்கிற உலோக பாட்டில், ஓரத்துல கட்டிக்கறேன்.

சீட்டு, அத சீட்டுன்னு சொல்றதே தப்பு, மரப்பலகைக்கு ரெக்ஸின் போட்டது. ஒரு மணி நேரத்துல பின்பக்கம் மரத்துடும். ஈப்போல ஒரு சீட்டு கடையில 150 வெள்ளிக்கு ஃபோம் மாத்தி கொஞ்சம் அகலம் பண்ணேன், இப்ப ரெண்டு மணி நேரம் தாங்குது. காத்து நெஞ்சுல அடிக்கும், முன்னாடி காத்த தடுக்கற கண்ணாடி ஏதும் இல்ல, 100-க்கு மேல ஹேண்டில் மணி அடிக்கற மாதிரி அதிரும். ஆரம்பத்துல இதெல்லாம் பாத்து வித்துடலாம்னு நெனச்சது உண்ம. அப்புறம் பிளஸ் ஹைவேய விட்டுட்டு பழைய ரோட்ட எடுக்க ஆரம்பிச்சேன், குறையெல்லாம் பாதியாயிடுச்சு. சிம்பாங் பூலாய்லேந்து கம்போங் ராஜா, லோஜிங், குவா மூசாங் போற ரோட்ல ஏத்தத்துல நாலாவது கியருக்கு எறங்கும், மூட்டையோட மூணு. எறங்கட்டுமே, அந்த ரோட்ல யாரு வேகமா போவா.

ரெண்டு உலகத்துக்கும் நடுவுல என்ன காப்பாத்துறது 30 வெள்ளி ஸ்பிராக்கெட்டு, அதான் செயின இழுக்கற பல்சக்கரம். கம்பெனி குடுத்தது முன்னாடி 14 பல்லு. காட்டுக்கு 13 போட்டா மொத கியர்ல நடக்கற வேகத்துல கிளட்ச்ச தொடாமயே ஊரலாம். லாங் ரைடுன்னா மறுபடி 14. கழட்டி மாட்டி செயின் டைட் பாக்க கால் மணி நேரம். 13-ல மீட்டர் கூடுதலா காட்டும், அதனால மேல சொன்ன 47,000-ல கொஞ்சம் பொய்யும் இருக்குன்னு வச்சுக்குங்க.

மூட்டைக்கு பெட்டி வேணாம், துணி பைதான். பின் ஃபிரேம் மெல்லிசு, அலுமினிய பெட்டி ரெண்டு மாட்டி செம்மண்ணுல குலுக்குனா எங்கயாச்சும் விரிசல் விடும். பையிலயும் நான் முட்டாத்தனம் பண்ணேன், சைலன்சர் பக்கம் இறுக்கி கட்டாம விட்டு, ஜெலி போறதுக்குள்ள மழகோட்டு உருகி ஒட்டிக்கிச்சு. மழகோட்டு இல்லாத அன்னிக்குத்தான் மழ வரும், வந்துச்சு.

செலவு பெருசா இல்ல. 3,000-க்கு ஒரு தடவ எண்ணெய், ஒண்ணர லிட்டர் போதும். 35 ஆயிரத்துல ஃபோர்க் சீல் ரெண்டும் போச்சு, சேறு காய விட்டது என் தப்பு. 41 ஆயிரத்துல ஹேண்டில் பேரிங். செயின் செட்டு மூணாவது ஓடுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல எண்ணெய் போல்ட்ட ஏர் கன்னால முறுக்கி மரைய தேச்சு விட்டுட்டாங்க, கேட்டதுக்கு "பழைய வண்டி லா"ன்னு ஒரே பதிலு. அதுலேந்து எண்ணெய் நானே மாத்திக்கறேன். இஞ்சினு இதுவரைக்கும் தொறக்கல.

அக்கா மகன் ஒருத்தன், வேலைக்கு போயி ரெண்டு வருசம் ஆச்சு, இப்ப ஃபுல் பி எடுத்துட்டு 400 கிட்ட பெரிய வண்டியா பாத்துக்கிட்டிருக்கான். "மாமா, உங்கள்து ஹைவேயில பாவமா இருக்கு"ங்கறான். உண்மதான்டா. வர்ற ஞாயித்துக்கெழம கடையில டெஸ்ட் ரைடுக்கு அந்த வண்டிய எடுத்துக்கிட்டு நேரா தோட்டத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். கடைக்காரன் விடுவானான்னு தெரியல. விட்டான்னா, அதே எறக்கத்துல, கீழ பழைய சாக்க விரிச்சு, வண்டிய மெதுவா படுக்க வச்சு, நான் தள்ளி போயி நின்னுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.