பைன் இல்லாத ஆண்டில் வாங்கிய பனங்கைமரம்

2022 இல் யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டின் பின் விறாந்தைக்கு ஓட்டுக்கூரை போட நினைத்தபோது என் மனதில் இருந்தது பைன் மரந்தான். நேராக இருக்கும், பாரமில்லை, ஆணி இலகுவாக ஏறும். ஆனால் அந்த ஆண்டு சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. இறக்குமதி மரம் வருவது அருகிவிட்டது. நான் ஏறி இறங்கிய மூன்று மரக்காலைகளிலும் பைன் அடுக்கு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கடையில் மிஞ்சியிருந்த சில துண்டுகளுக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மாற்றாகக் காட்டியவற்றுள் அல்பீசியா கூரைக்கு ஆகாது, பெட்டி அடிக்கலாம். ரப்பர் மரம் பார்வைக்கு அழகு. மருந்தேற்றிய பலகையை வீட்டுக்குள் தளபாடமாக வைத்துக்கொள்ளலாம். சாரல் அடிக்கும் விறாந்தைக்கு அதை நம்ப முடியாது. முதிரை மரத்தின் விலை என் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது மரக்காலையில் இருந்த முதியவர்தான், "பிள்ளை, உங்கள் அப்பு எதில் கூரை போட்டார்?" என்று கேட்டார். அப்புவின் வீட்டுக் கூரை முழுவதும் பனை. ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறிப் பிற நாடுகளுக்குப் போன மரம் அது. அதை விட்டுவிட்டுப் பைனைத் தேடி அலைந்திருக்கிறேனே என்று அந்த இடத்திலேயே மனம் உறுத்தியது.

பனை வாங்குபவர்கள் முதலில் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வெளிப்புறத்தில் இருக்கிறது. கரிய நார்கள் புள்ளிபுள்ளியாக நெருங்கி நிற்கும் அந்த ஓரந்தான் கைமரம். உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் வெளிறிய, மென்மையான சோற்றி வந்துவிடும். இளமரத்தில் கரிய பகுதி மெல்லியதாகவே இருக்கும். முதியவர் ஒவ்வொரு கைமரத்தையும் புரட்டிக் காட்டினார். சோற்றி ஏறியிருந்த நான்கை நான் கேட்காமலே ஒதுக்கி வைத்தார். இதற்காகவே அந்தக் கடையை மற்றவர்களுக்கும் சொல்லி வருகிறேன்.

மரம் வெட்டிய அனுமதிக் கடிதத்தையும் கேட்டேன்; தயங்காமல் எடுத்துக் காட்டினார். பெண் பனையைத் தறிக்கப் பிரதேச செயலக அனுமதி வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்றே எத்தனை பனைகள் விழுந்தன என்பதைக் கண்ணால் கண்டவள் நான். கடிதம் இல்லாத மரத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்க மாட்டேன்.

விலை, பைனுக்குக் கேட்டதில் முக்கால் பங்குதான். ஆனால் அந்த மிச்சம் கூலியில் போய்விட்டது. பனையில் நேரே ஆணி அடித்தால் நார் வழியே பிளந்துவிடும். ஒவ்வோர் ஆணிக்கும் தச்சர் முதலில் துளை போட வேண்டியிருந்தது. வாள் அடிக்கடி மழுங்கியது. பைன் என்றால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். இதற்கு ஐந்து நாள் பிடித்தது. பாரம் வேறு, ஒரு கைமரத்தை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். சிராம்பு ஏறினால் ஊசியால்தான் எடுக்க வேண்டும், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சுவரில் பதியும் முனைகளுக்குக் கறையானுக்காகக் கழிவெண்ணெய் பூசினோம்.

2023 பங்குனியில் கூரை முடிந்தது. அதன்பின் இரண்டு மாரி போய்விட்டது. ஒரு கைமரமும் தொய்யவில்லை. ஓட்டு வரிசை நூல் பிடித்ததுபோல் நிற்கிறது.

குறையும் உண்டு. பின் கதவு நிலைக்கு வேப்பமரத்தையும் அங்கேயே வாங்கினேன். வேம்பு கறையானுக்கு இலகுவில் இடம் கொடுக்காது, எங்கள் ஊருக்குப் பொருத்தமான மரம். ஆனால் எனக்குத் தந்தது ஈரம் காயாத மரம். சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நிலையின் ஒரு கால் முறுகி, கதவு பூட்டாமல் போனது. போய்ச் சொன்னபோது முதியவரின் மகன், "வேம்பு அப்படித்தான் அக்கா" என்றார். அது சரியான பதில் இல்லை. காய்ந்ததா என்று நான் கேட்டபோது ஆம் என்று சொன்னவரே அவர்தான். இரண்டு கிழமைக்குப் பின் முதியவர் வேறு மரம் அனுப்பினார். தச்சர் கூலி என் கையிலிருந்துதான் போனது. அங்கே வேம்பு வாங்குபவர்கள் அரிந்த மாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இப்போது சில கடைகளில் பைன் மீண்டும் தென்படுகிறது. கிணற்றடிக் கொட்டிலுக்குத் தையில் கூரை போட வேண்டும். பதினான்கு பனங்கைமரத்துக்கு அந்த முதியவரிடமே முற்பணம் கொடுத்திருக்கிறேன்.