பினாப்தலீனா, மெத்தில் ஆரஞ்சா?

தரம் பார்த்தல் செய்முறையில் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது), வினை முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிகளில் எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர்கள், முடிவில் குடுவைக்குள் என்ன உப்பு இருக்கும் என்று முதலில் பாருங்கள்.

நிறம் மாறும் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்): பினாப்தலீன் 8.2–10, மெத்தில் ஆரஞ்சு 3.1–4.4.

கண்ணுக்கு: பினாப்தலீன் எளிது, நிறமற்ற கரைசலில் ஒரே சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிற்கும். மெத்தில் ஆரஞ்சில் மஞ்சள் சிவப்பாகத் திரும்பும் இடத்தைப் பிடிக்க அடியில் வெள்ளை ஓடு வேண்டும்.

அசெட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால், உண்டாகும் அசெட்டேட் அயனி தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விட்டுவிடும், அதனால் வினை முடியும் இடத்தின் பி.எச். 7-க்கு மேலே போய்விடும். மெத்தில் ஆரஞ்சு அதற்கு வெகு முன்னாலேயே மாறிவிடும், பினாப்தலீன்தான் சரி. அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் என்றால், அங்கே முடிவு 7-க்குக் கீழே, அதனால் மெத்தில் ஆரஞ்சு. அமிலம், காரம் இரண்டும் வலிமையானவையா, எந்த நிறங்காட்டியும் போதும், நான் பினாப்தலீனையே எடுப்பேன்.