கடற்படுகைத் துளைநீர் அழுத்தமானி: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

படகுத்துறைப் பணி ஒன்றுக்காக, 12 மீட்டர் நீராழத்தில் உள்ள சேற்றுப் படுகையில் இரண்டு மாதம் ஊன்றி வைத்திருந்த பீசோமீட்டரை, அதாவது மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவியை, பற்றிய மதிப்பீடு இது. உணரியைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. அதன் முனையில், சேற்றைத் தடுத்து நீரை மட்டும் உள்ளே விடும் நுண்துளைக் கல்லைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆழத்தில் கடல்நீரின் அழுத்தமே ஏறத்தாழ 120 கிலோபாஸ்கல். ஓதம் ஒரு மீட்டர் ஏறினால் இன்னும் 10 கூடும். நாம் தேடும் மிகையழுத்தமோ, அதாவது சேற்று நீரில் இதற்கு மேலாக இருக்கும் அழுத்தமோ, 1 அல்லது 2 கிலோபாஸ்கல்தான். ஆனால் மென்சேற்றில் ஒரு மீட்டர் கீழே மண்துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் அழுத்தமே 5 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும் என்பதால், அதில் 2 போனால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். 1979 அக்டோபர் 16 அன்று பிரான்சின் நீஸ் விமான நிலையத்தை ஒட்டிய துறைமுகக் கட்டுமானம் கடலுக்குள் சரிந்து உயிர்களைப் பலிகொண்ட அந்தச் சரிவில், பின்னாளில் இவ்வகைக் கருவிகளை ஊன்றி அளந்ததும் இதனால்தான். எங்கள் கருவியின் உணரி ஒருபுறம் சேற்று நீரையும் மறுபுறம் மேலேயுள்ள கடல்நீரையும் தொட்டு, வேறுபாட்டை மட்டும் அளப்பதால், அந்தச் சிறு அளவும் தெளிவாகத் தெரிகிறது. முனை மெலிந்திருப்பது இன்னொரு நன்மை: ஊன்றும்போது எழும் அழுத்தம் தணியும் காலம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, விட்டம் பாதியானால் காத்திருப்பு கால்வாசியாகும்.

மூன்றாம் வாரத்தில், வேறுபாட்டுக் கோடு ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது. நீர் நிறைந்த மென்சேற்றில் ஓதம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் அழுத்துவதால், அப்படித் தெரியக் கூடாது. சேற்றிலேயே வாயு இருக்கலாம் என்று முதலில் நினைத்தோம். முனையைக் கழற்றி, கொதிக்கவைத்து ஆறிய நீருக்குள் அமிழ்த்தித் தட்டியபோது, கல்லிலிருந்து கடுகளவுக் குமிழிகள் வரிசையாக வெளியேறின. கல்லில் சிக்கிய காற்று அமுங்கி விரிவதால், சேற்று நீரின் அழுத்தம் உணரியை உடனே முழுதாக எட்டவில்லை. நீருக்குள்ளேயே மெல்லிய ரப்பர் உறை மாட்டி மறுபடி ஊன்றினோம். சேற்றில் நுழையும்போது உறை கிழிந்துவிடும். அதன்பின் அந்த ஏற்ற இறக்கம் மறைந்தது.

கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது; மூன்று வாரத் தரவை இழந்தவர்களுக்கு அது போதாது. வாங்குவோர் மாற்று முனைகள் இரண்டும் ரப்பர் உறைகளும் சேர்த்தே கேட்டுப் பெறுங்கள். அலைகளின் தாக்கத்தையும் பதிய நொடிக்கு ஒரு அளவு வேண்டுமென்றால், மின்கலத்தையும் பெரிதாகக் கேளுங்கள்.