ஜோத்பூர் மாலை உரைகள்: தண்ணீரைப் பற்றிப் பேசும் நாளில் கட்டாயம் போங்கள்

தார்ப் பாலைவனத்தின் வரலாறு, பண்பாடு பற்றி ஜோத்பூர் பழைய நகரத்தின் சிறிய அரங்கு ஒன்றில் குளிர்கால மாலைகளில் உரைகள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. பேச்சு இந்தியில்தான், நடுவே மார்வாரியும் கலந்துவரும். கணவரின் விமானப்படை வேலையால் இந்த ஊருக்கு வந்தவள் நான். கடைத்தெருவில் பழகிய இந்தியே எனக்குப் போதுமானதாக இருந்தது. மொழியை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

தண்ணீர் பற்றிய உரையை மட்டும் தவறவிடாதீர்கள். பேசியவர் ஜெய்சல்மேர்ப் பக்கத்துப் பெரியவர், கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத மாவட்டம் அது. நிலத்தடி நீர் வெகு ஆழத்தில் கிடக்கிறது, அதுவும் பல இடங்களில் உப்பு. ஆனால் சில ஊர்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படுகை ஓடுகிறது. மணலில் இறங்கும் மழைநீரை அது கீழே விடாமல் தாங்கிக்கொள்கிறது. உப்பு நீரோடு கலக்காத அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தெடுக்க வெட்டுவதுதான் 'குயி' என்னும் ஒடுங்கிய கிணறு.

ஓர் ஆள் குந்தி உட்காரத்தான் உள்ளே இடம் இருக்கும். மண்வெட்டியை ஓங்க முடியாது என்பதால் குட்டைப் பிடி போட்ட கருவியால் கொத்துகிறார்கள். ஆழம் கூடக்கூடப் புழுக்கம் தாங்காது. அப்போது மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசுவார்களாம். மணலோடு மேலே உள்ள காற்றும் இறங்கி, கீழே இருப்பவருக்கு மூச்சு விட முடியுமாம். பெரியவர் மேடையில் குந்தி அமர்ந்து, தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டினார். கல் கிடைக்காத ஊர்களில் மணல் சரியாமல் தடுக்க, 'கீம்ப்' என்ற செடியில் திரித்த கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்கிச் சுவராக்குகிறார்கள். அந்தக் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்தார். மூன்று விரல் பருமன். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், இம்மியும் உள்ளே போகவில்லை.

பாலிவால் பிராமணர்களின் 'கடீன்' பற்றியும் சொன்னார். பாறைச் சரிவின் அடியில் நீளமாகக் கரை போட்டு மழைநீரை நிறுத்தி, நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கும் முறை. பாலிவால்கள் கைவிட்டுப் போன ஊரான குல்தரா என்றாலே பேய்க்கதை கேட்கும் கூட்டத்துக்கு, அந்த ஊரார் எப்படி விளைவித்தார்கள் என்று அவர் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அரண்மனைகள் பற்றிய உரை ஏமாற்றம். மன்னர்களின் பெயர்களைத் திரையில் பார்த்து அப்படியே வாசித்தார்கள். உமைத் பவன் 1929இல் தொடங்கி 1943இல் முடிந்தது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கவே எழுப்பப்பட்ட மாளிகை அது. அதை ஒரே வாக்கியத்தில் கடந்து, அறைகளின் அலங்காரத்துக்குப் போய்விட்டார்கள். பஞ்சத்தைச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

இசை மாலையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மாங்கணியார் சமூகத்துக் கலைஞர் ஒருவரை, வில் போட்டு வாசிக்கும் கமாயச்சாவோடு அழைத்து வந்து, பேராசிரியரின் பேச்சு முடியும்வரை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மாமரக் குடத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்திய அந்த வாத்தியத்தின் கனத்த நாதத்தைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தோம். இஸ்லாமியரான மாங்கணியார்கள் தங்கள் இந்துப் புரவலர்களின் வீட்டுப் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடுபவர்கள், அந்தக் குடும்பங்களின் வம்சாவளியையே நினைவில் வைத்திருப்பவர்கள். இதை அந்தக் கலைஞர் வாயாலேயே கேட்க வேண்டாமா? கடைசியில் ஒரு பாட்டு, கைதட்டல், முடிந்துவிட்டது. 2012இல் பத்மஸ்ரீ பெற்ற ஸாகர் கான் இந்தக் கமாயச்சாவை வாசித்தவர்தான். அப்படிப்பட்ட மரபுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்க வேண்டும். அமைப்பாளர்களிடம் எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

பின்வரிசையில் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்பதில்லை, முன்கூட்டியே போய் முன்னால் உட்காருங்கள். சால்வை அவசியம். வெளியூரிலிருந்து வருபவர்கள் மறுநாள் காலை, நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோட்டாரி உருவாக்கிய அர்ணா ஜர்ணா அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ராஜஸ்தானைக் கம்பு, சோளம், மக்காச்சோளம் விளையும் நிலங்களாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். அங்கே துடைப்பங்களுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது.