எம்எக்ஸ்-5 எடுப்பதா, ஜிஆர்86 எடுப்பதா: எந்தப் பழுது முன்கூட்டியே குரல் கொடுக்கும்?

மூன்று வருடத்துக்கு முன்பு புது ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பது என்று முடிவானபோது, என் பட்டியலில் கடைசிவரை நின்றவை இரண்டு. ஒன்று மாஸ்டா எம்எக்ஸ்-5, இன்னொன்று டொயோட்டா ஜிஆர்86. சுபாரு பிஆர்இசட் என்ற பெயரில் வருவதும் அடிப்படையில் இதே ஜிஆர்86தான், அதனால் நான் ஜிஆர்86 பற்றிச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். நான் எம்எக்ஸ்-5 எடுத்தேன். இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஜிஆர்86-இல் பின்னால் பெயருக்காவது இரண்டு இருக்கைகள் உண்டு, அவற்றை மடக்கினால் நான்கு டயர்களைக்கூட உள்ளே வைக்கலாம். எம்எக்ஸ்-5-இல் இரண்டே பேர், டிக்கி 130 லிட்டர். ஜிஆர்86-இன் 2.4 லிட்டர் எஞ்சின் சுமார் 230 குதிரைத் திறன் தரும், எம்எக்ஸ்-5-இன் 2 லிட்டர் எஞ்சின் 180-ஐ ஒட்டி. ஆனால் மாஸ்டா கிட்டத்தட்ட 200 கிலோ எடை குறைவு, அதனால் ஓட்டும்போது இந்த வித்தியாசம் எண்ணில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் சுகம் ஒரு பக்கம், உறுதியான உடற்கட்டு இன்னொரு பக்கம். இதெல்லாம் அவரவர் விருப்பம்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது நம்பகத்தன்மைதான். பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்குகிற பொருள், நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அந்த அடியிலிருந்து எழ எனக்கு இன்னும் சில வருடம் ஆகும். அதனால் தரவரிசைப் பட்டியல்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். படித்தபிறகு ஒன்று புரிந்தது: குடும்பக் கார்களுக்கு அந்தப் பட்டியல்கள் உதவுகிற அளவுக்கு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உதவாது. விற்பனை எண்ணிக்கையே குறைவு. பாதிப் பேர் வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். மற்றவர்களில் சிலர் மாதாமாதம் டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், விட்டுப் பிழிகிறார்கள். இந்த இரண்டு வகைப் பேரின் அனுபவத்தையும் கூட்டிச் சராசரி போட்டால் வருகிற எண், என்னைப் போல் தினமும் ஓட்டுபவனுக்கு என்ன சொல்லிவிடும்?

பெயரை நம்புவதிலும் சிக்கல் உண்டு. டொயோட்டா சின்னத்தைப் பார்த்ததும் பலருக்கு மனம் ஆறிவிடுகிறது. ஆனால் ஜிஆர்86-இன் எஞ்சின் சுபாருவுடையது, கார் தயாராவதும் சுபாருவின் ஆலையில். 2019-இல் வந்த டொயோட்டா சுப்ராவை எடுத்தால் அதன் எஞ்சின் பிஎம்டபிள்யூவுடையது, கார் உருவானது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில். மோசமான எஞ்சின் என்று சொல்ல வரவில்லை, அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு நல்ல பெயரே இருக்கிறது. நாம் எதை நம்பி வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. இந்தக் காரில் தெரிந்த பலவீனம் எது, அது வருவதற்கு முன் நமக்குச் சொல்லிவிட்டு வருமா?

ஜிஆர்86-இல் பேசப்படும் பலவீனம் ஆயில் சம்பந்தப்பட்டது. அது பாக்ஸர் எஞ்சின்: சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரு பக்கமும் படுத்திருக்கும். எடை தாழ்வாக உட்காருவதால் கார் வளைவில் அவ்வளவு அழகாகத் திரும்புகிறது. அதே அமைப்பால்தான் இன்னொன்றும் நடக்கிறது. நீண்ட வலது வளைவில் நல்ல பிடிமானத்தோடு வேகமாகப் போனால், ஆயில் பெருமளவு இடது பக்கம் ஒதுங்கி, சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் தேங்குகிறது. கீழே ஆயில் தொட்டியான சம்பில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சில நொடி வெறும் காற்றை இழுக்கிறது. அழுத்தம் சரிகிறது. டிராக்கில் ஓட்டியவர்கள் தனி மீட்டர் பொருத்தி இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அதற்கென்றே சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பது, ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது என்று பல வழிகளும் கண்டிருக்கிறார்கள்.

இதோடு இரண்டாவது விஷயம் சேர்கிறது. எஞ்சினின் சில பாகங்களை, இடையில் வைக்கும் கேஸ்கெட் தகட்டுக்குப் பதிலாக, பிசின் போல இருந்து பிறகு ரப்பராக இறுகும் சீலன்ட் தடவி ஒட்டுகிறார்கள். தடவியது அதிகமானால் மிச்சம் உள்பக்கமாகப் பிதுங்கி நிற்கும். அதிலிருந்து துண்டு பிய்ந்து விழுந்தால், போய்ச் சேரும் இடம் ஆயில் குழாயின் வடிகட்டி வலை. 2022 வாக்கில் பல உரிமையாளர்கள் சம்பைக் கழற்றி, வலையில் ஒட்டியிருந்த துணுக்குகளைப் படமெடுத்துப் போட்டார்கள். அந்தத் துணுக்கால்தான் எஞ்சின் போனது என்று ஒவ்வொரு காரிலும் நிரூபிக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏகப்பட்ட ஜிஆர்86-கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு உறுத்தியது எண்ணிக்கை அல்ல. இந்தப் பழுது வருகிற விதம்தான் உறுத்தியது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்குத் தேவையான ஆயில் படலம் முடியை விட மெல்லியது. அழுத்தம் சில நொடி இல்லாமல் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. காரில் ஆயில் சூடு காட்டுகிறார்கள், ஆயில் அழுத்தம் காட்டுவதில்லை. எச்சரிக்கை விளக்கு உண்டு, ஆனால் அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகுதான் அது எரியும். தட்டுகிற சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். அப்புறம் வாரண்டிப் பேச்சு ஆரம்பமாகும். 2022-இல் அமெரிக்காவில் ஒருவருடைய எஞ்சின் இப்படிப் போனபோது, அவர் காரை டிரிஃப்ட் செய்த, அதாவது சக்கரம் வழுக்க ஓட்டிய, படங்களைக் காட்டி டொயோட்டா தரப்பில் முதலில் வாரண்டியை மறுத்தார்கள். விஷயம் செய்தியாகப் பரவிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோருடைய விஷயமும் செய்தியாகாது.

பேசாமல் வரும் பழுதுக்குப் பழைய உதாரணமும் உண்டு. 1997 முதல் 2008 வரையிலான போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களில் பலவற்றில் எஞ்சினுக்குள் இன்டர்மீடியேட் ஷாஃப்ட் என்ற தண்டு, அதன் முனையில் ஒரு சின்ன பேரிங். அது உடைந்தால் எஞ்சினே முடிந்தது, அதுவும் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல். அந்தக் கார்களில் ஒரு சிறு பகுதியில்தான் உடைந்தது. ஆனாலும் இன்றுவரை அந்த வருடங்களின் காரைப் பழையதாக வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி "அந்த பேரிங்கை மாற்றியாச்சா?" என்பதுதான். இதே போர்ஷே 2014-இல் இரண்டு 911 ஜிடி3 கார்கள் தீப்பிடித்தவுடன், விற்ற 785 கார்களையும் நிறுத்தச் சொல்லி அத்தனைக்கும் எஞ்சினை மாற்றிக் கொடுத்தது. பழுது வந்தபின் தயாரிப்பாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை முன்கூட்டி யாரும் நமக்கு எழுதித் தரப்போவதில்லை.

சரி, எம்எக்ஸ்-5-க்கு வருவோம். அதற்கும் பலவீனம் இல்லாமல் இல்லை. 2015-இல் வந்த நான்காம் தலைமுறையின் ஆரம்பகாலக் கார்களில், முக்கியமாக 2016, 2017 மாடல்களில், ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் பழுதானதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எடை குறைக்கச் சின்னதாகச் செய்த கியர்பாக்ஸ் அது. அதே காலத்தில், இதே அடித்தளத்தில் டர்போ எஞ்சினோடு வந்த ஃபியட் 124 ஸ்பைடருக்கு மட்டும் முந்தைய தலைமுறை எம்எக்ஸ்-5-இன் கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். டர்போவின் இழுவிசைக்குப் பழையதே பொருத்தம் என்று நினைத்திருக்க வேண்டும். மாஸ்டா அந்தக் கியர்பாக்ஸைச் சும்மா விடவில்லை, உள்ளே உள்ள பாகங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியது. 2019 மாடலில் எஞ்சின் 155-இலிருந்து 181 குதிரைத் திறனுக்கு ஏறியபோது, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தையும் அதிர்வை உள்வாங்கும் இரட்டை எடை வகைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிந்தைய கார்களில் இந்தப் புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒருவேளை வந்தாலும், கியர்பாக்ஸ் பழுது பெரும்பாலும் பேசிவிட்டு வரும். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஒரு ஊளை. ஆக்சிலரேட்டரை விட்டால் சத்தம் மாறும். சில நாளில் கியர் விழும்போது கரகரப்பு. வாங்குவதற்கு முன் டெஸ்ட் டிரைவில் நான் செய்தது இதுதான்: கூரையை மடக்கி, ஒரு நீண்ட மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினேன். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஒவ்வொரு கியரிலும் பாதத்தை அழுத்தியும் விட்டும் கேட்டேன். டயர் ஓசை, காற்று, எஞ்சின், அதற்கு மேல் எதுவும் இல்லை. இன்றும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அதே சுவரை ஒட்டி ஓட்டிப் பார்க்கிறேன். பேரிங் போன எஞ்சினுக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. கியர்பாக்ஸ் கெட்டாலும் கீழே இறக்கி வேறொன்றை ஏற்றிவிடலாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வாரண்டி பேசும்போதும், சத்தத்தை ஷோரூம் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட முடியும்.

எம்எக்ஸ்-5 பராமரிப்பில் எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். அதன் எஞ்சினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சப்படுகிறது, அதனால் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவ வாய்ப்பில்லை, நாளடைவில் கரி படியும். ஜிஆர்86-இல் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது, வால்வுக்கு முன்பே பீய்ச்சுவது என இரண்டு வகை இன்ஜெக்டரும் இருப்பதால் அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. இந்த இடத்தில் அதற்குத்தான் என் ஓட்டு. என் காரில் கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்று நான் திறந்து பார்த்ததில்லை. ஓட்டியது நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான், ஒரு லட்சம் தாண்டியவரைக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

கூரைக்கும் கவனிப்பு வேண்டும். துணிக் கூரை மடிந்து உட்காருகிற இடத்தின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிய ஒவ்வொரு துளை உண்டு. இலை, தூசி, மண் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் தேங்கும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பார்ப்பேன். ஊற்றிய வேகத்திலேயே தரையில் சொட்ட வேண்டும். போன வருடம் ஒரு பக்கம் தயங்கித் தயங்கி வந்தது. வளையக்கூடிய மெல்லிய நைலான் கம்பியை விட்டு மெதுவாகச் சுழற்றியதும், கறுத்துப்போன இலைத்தூள் ஒரு கைப்பிடி கீழே விழுந்தது. பத்து நிமிட வேலை. இதுவும் கண்ணால் பார்த்துத் தீர்க்கிற பிரச்சினைதான்.

மற்றபடி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் மட்டத்தைக் குறித்துவைக்கிறேன். ஆயில் மாற்றிய ஒவ்வொரு தடவையும் தேதி, கிலோமீட்டர், ரசீது மூன்றும் ஒரே ஃபைலில். எந்தக் காராக இருந்தாலும், வாரண்டி கேட்டுப் போகிறபோது முதலில் கேட்பது அந்த ரசீதுகளைத்தான்.

நான் டிராக்கில் ஓட்டுவதில்லை, எனவே டிராக்கில் எம்எக்ஸ்-5 எப்படித் தாங்கும் என்று என்னால் சொந்த அனுபவத்தில் சொல்ல முடியாது. ஜிஆர்86-ஐ நான் ஓட்டியது நண்பருடையதை, ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஓட்ட இன்பமான கார், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும்.

இரண்டு பிள்ளைகளோ, அடிக்கடி ஏற்றவேண்டிய சாமானோ இருந்தால் எம்எக்ஸ்-5 ஒத்துவராது, ஜிஆர்86 எடுங்கள். எடுப்பதானால் இரண்டு காரியம். கையெழுத்துப் போடும் முன், டிராக் நாள் பற்றி வாரண்டியில் என்ன இருக்கிறது என்று வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். டிராக்குக்குப் போகிற எண்ணம் இருந்தால் முதல் நாளுக்கு முன்பே ஆயில் அழுத்த மீட்டர் பொருத்துங்கள், ஆனால் அதைப் பொருத்தினால் வாரண்டிக்குப் பாதிப்பு உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். என் வீட்டிலும் நாங்கள் நான்கு பேராக இருந்திருந்தால், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அதையே எடுத்திருப்பேன்.