உங்கள் காரின் பழைய ஷாக்கே பெயின்ட் பூசிக்கொண்டு உங்களிடம் திரும்பி வரலாம்

எட்டுப் பத்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் புதிதாகப் போட்டதாகச் சொல்லி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். ஒன்றுகூடப் புதிது இல்லை. சென்னையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை.

வண்டி 2014 ஸ்விஃப்ட். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடது புறம் 'டக் டக்' என்று சத்தம். பள்ளத்தில் இறங்கினால் மூக்கு இரண்டு மூன்று தடவை ஆடித்தான் நிற்கும். அங்கிருந்த சூப்பர்வைசர் பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "நாலு ஷாக்கும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்றார். முன்பக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது நிஜம். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதும் சரிதான். பின்பக்கத்துக்கு என்ன கேடு என்று கேட்டதற்கு, "முன்னாடி போனா பின்னாடியும் போயிருக்கும் சார்" என்று பதில் வந்தது.

மாலையில் வண்டி கைக்கு வந்தது. முன்பக்கம் நல்ல இறுக்கமாக இருந்தது, ஆனால் அந்த டக் டக் மட்டும் போகவில்லை. "புது ஷாக் சார், செட் ஆகணும்" என்றார்கள். கழற்றிய பழசைக் கேட்டால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: ஷாக் செட் இவ்வளவு, லேபர் இவ்வளவு. ஜிஎஸ்டி எண் கிடையாது. சரியான பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், வரவே இல்லை.

சில வாரங்களில் இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிய ஆரம்பித்தது. எங்கள் ஏரியாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாக்கின் அடிப்பக்கம் ஒரு சின்ன வெல்டிங் மொட்டு, அதன் மேல் கறுப்பு பெயின்ட். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே துரு, துருவுக்கு நடுவே 2014 என்று தேதி முத்திரை. என் வண்டியோடு பிறந்த ஷாக்! மேலே இருந்த டஸ்ட் கவர் வெடித்திருந்தது. ஷாக் முழுசாக அமுங்கும்போது இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப், கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பின்பக்கம் இன்னும் கொடுமை. அங்கே ஸ்பேனரே வைக்கவில்லை. ஷாக்கை வண்டியில் இருந்தபடியே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். போல்ட் தலையில் பெயின்ட் கீறாமல் இருக்கிறது, பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸிலும் கறுப்புத் தெளித்திருக்கிறது. அந்த இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, மாற்றவே தேவையில்லை என்றார் அண்ணன். டக் டக் சத்தத்துக்குக் காரணம் லிங்க் ராடு, சக்கரப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இணைப்புக் கம்பி. ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முன்பக்கத்துக்கு அவர்கள் செய்திருப்பது 'ரீஃபில்'. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு எண்ணெயை வடித்து, கெட்டியான எண்ணெயை ஊற்றி, ஓட்டையை வெல்ட் வைத்து அடைப்பது. கெட்டி எண்ணெய் என்பதால் முதலில் இறுக்கமாகத்தான் தெரியும், நாமும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வருவோம். உள்ளே இருந்த கேஸ் திரும்ப வராது. எண்ணெயைத் தடுக்கும் சீல் தேய்ந்ததும், ஷாக்குக்குள் போய் வரும் ராடு கீறல் விழுந்ததும் அப்படியே இருப்பதால் மறுபடி கசியும். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே பழசைப் பழசென்று சொல்லி விற்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். இவர்கள் புது விலை வாங்கிக்கொண்டு நம் சாமானையே நமக்கு விற்கிறார்கள்.

அதனால், ஷாக் மாற்றக் கொடுத்தால் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், வருடம் அச்சாகியிருக்க வேண்டும். கேஸ் ஷாக் என்றால் ராடை உள்ளே அழுத்திவிட்டால் தானே மெதுவாக வெளியே வரும். ரீஃபில் செய்தது அமுக்கிய இடத்திலேயே நிற்கும். பளபளக்கும் ராடின் மேல் பெயின்ட் துளி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய பழசை டிக்கியில் போடச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் முன் ஷாக்கைக் கழற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு "தேவையில்ல சார்" என்றார்கள். கழற்றியதை அப்படியே திருப்பி மாட்டுகிறவனுக்கு அது எதற்கு?

கேட்கப் போனபோது முதலில் "ரோடு சரியில்ல, பள்ளத்துல விட்டிருப்பீங்க" என்றார்கள். முத்திரை தெரியும் போட்டோவைக் காட்டியதும் "சப்ளையர் ஏமாத்திட்டான்" ஆகிவிட்டது. சப்ளையர் என் வண்டி ஷாக்கை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டேன், பேச்சில்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். யுபிஐயில் பணம் கட்டியிருந்ததால் ரசீது கையில் இருந்தது. பில் தராததையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

புகார் போன பிறகு ஷாக்குக்கான பணம் திரும்ப வந்தது. லேபர் இன்னும் வரவில்லை. பட்டறை அண்ணன் கழற்றிய அந்த இரண்டு முன் ஷாக்கையும் கொண்டுவந்து கொடுத்தால் லேபர் பற்றிப் பேசலாம் என்று ஃபோன் செய்கிறார்கள். இரண்டும் சாக்கில் கட்டி வீட்டில் இருக்கின்றன. ஆணையத்தில் தேவைப்படும், கொடுப்பதாக இல்லை.