ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபினெட் வாங்கப் போறீங்களா? பில்லுல மாடல் பேர் இருக்கான்னு பாருங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பிசி கேபினெட் (கம்ப்யூட்டர் பாகமெல்லாம் உள்ள மாட்டுற பெட்டி) வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிச்சிட்டு போங்க. கடை பேர் போடல, ஆனா நடந்தத அப்படியே எழுதுறேன்.

தம்பி ஆர்க்கிடெக்சர் படிக்கிறான், ரெண்டர் போட்டா, அதாவது 3டி டிசைன கம்ப்யூட்டர்ல படமா மாத்த விட்டா, மணிக்கணக்கா ஓடும், அதனால காத்து நல்லா போற கேபினெட் வேணும்னு தெளிவா சொல்லித்தான் கேட்டோம். ஷோ பீஸ் ஒண்ணு காட்டுனாங்க. முன்னாடி முழுக்க காத்து போற மாதிரி ஓட்ட ஓட்டயா மெஷ், சைடுல டெம்பர்ட் கிளாஸ், மேல நீல கலர்ல (வழக்கமா 3.0க்குதான் இந்த கலர்) ரெண்டு யுஎஸ்பி 3.0, அந்தப் பக்கத்து தகட்ட அமுக்கிப் பாத்தா வளையவே இல்ல. சரின்னு காசு கட்டுனதும் குடோன்ல இருந்து சீல் போட்ட பாக்ஸ் வந்துச்சு. பிரிச்சு காட்டுங்கண்ணேன்னு கேட்டேன். "சீல் பிரிச்சா வாரண்டி போயிடும் சார், உள்ள அதே பீஸ்தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வாங்குன பொருள பிரிச்சு பாத்தா வாரண்டி எப்படிங்க போகும்?

வீட்டுல மாட்டி முடிச்சு ரெண்டர் ஓட விட்டா ப்ராசஸர் 85 டிகிரிய தாண்டி நிக்குது, ஃபேன் எல்லாம் கத்துது, தம்பி சந்தேகப்பட்டு முன் பேனல கழட்டி வச்சுட்டு அதே ஃபைல திரும்ப ஓட்டுனான், எழுபதுக்கு பக்கத்துல இறங்கிடுச்சு. அப்பதான் அந்த பேனல கையில எடுத்து பின்னாடி இருந்து மொபைல் டார்ச் அடிச்சு பாத்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் கூட இந்தப் பக்கம் வரல! மெஷ் மாதிரி டிசைன் அச்சு குத்துன முழு பிளாஸ்டிக் அது, காத்து போறதுக்கு ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு சந்து, அவ்ளோதான். தூரத்துல இருந்து பாத்தா கடைல இருந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா பாக்க ஆரம்பிச்சோம். சைடு கிளாஸ் கிளாஸே இல்ல, அக்ரிலிக். நகத்தால தட்டுனா பிளாஸ்டிக் சத்தம், நடுவுல அமுக்குனா வளையுது. நீல கலர் யுஎஸ்பி போர்ட்டுதான் ரொம்ப ஆத்திரமா வந்துச்சு. அதுல இருந்து மதர்போர்டுக்கு போற கேபிள பாத்தா ஒல்லியா 9 பின் கனெக்டர், அதாவது யுஎஸ்பி 2.0. நெஜமான 3.0ன்னா கேபிள் தடியா இருக்கும், முனையில அகலமா 19 பின் கனெக்டர் வரும். 2.0 வேகம் 480 எம்பிபிஎஸ், 3.0 வேகம் 5 ஜிபிபிஎஸ், கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம், அத மறைக்க உள்ள ஒரு நீல பிளாஸ்டிக் போதுமா இருந்திருக்கு.

ஒரே சாயல்ல மூடுன முகம் ஒண்ணு, ஓட்ட போட்ட முகம் ஒண்ணுன்னு ரெண்டு மாடல் வர்றது தப்பில்ல. என்இசட்எக்ஸ்டிங்கிற கேபினெட் கம்பெனில கூட மூடுன முகத்தோட எச்510 இருந்துச்சு, பின்னாடி ஓட்ட போட்ட முகத்தோட எச்510 ஃப்ளோ வந்துச்சு, பேர்லயே தெரிஞ்சிடும். நான் வாங்குனது அந்த கம்பெனி இல்ல. என் கோபம் கம்பெனி மேலயும் இல்ல, ஒண்ண காட்டி இன்னொண்ண கட்டிக் குடுத்த கடை மேல.

திருப்பி எடுத்துட்டு போனேன். "ரெண்டும் ஒரே மாடல்தான் சார், லாட் மாறியிருக்கும்"ங்கிறாங்க. ஷோ பீஸ காட்டுங்கன்னா அது வித்துப் போச்சாம். சரி பில்ல பாப்போம்னு எடுத்தா அதுல "கேபினெட் - 1"னு மட்டும் இருக்கு, மாடல் பேரே கிடையாது, கீழ "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது"ன்னு ஒரு சீல். மாடல் எழுதாததுல என்ன வசதின்னு அங்கதான் புரிஞ்சுது, எத குடுத்தாலும் பில்லு பொருந்தும்.

அந்த சீல பாத்து யாரும் பயந்துட வேணாம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, குறையுள்ள பொருள பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி காலம் எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்க மறுக்குறத நியாயமில்லாத வணிக நடைமுறைன்னு தெளிவா சொல்லியிருக்கு. பில் குடுக்காம இருக்கறதும் அதுல வரும். 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழ்லயே பேசலாம்.

கடைல நிக்கும்போதே பாக்ஸ பிரிக்க வைங்க, பிரிக்க மாட்டேன்னா வேற கடை பாருங்க, அந்த தெருவுல கடைக்கா பஞ்சம். முன் பேனல்ல டார்ச் அடிங்க, சைடு பேனல கழட்டி யுஎஸ்பி கேபிள் முனைய பாருங்க, ஆர்ஜிபி ஃபேன் (கலர் லைட் எரியுற ஃபேன்) இருந்தா அது எதுல சொருகுதுன்னும் பாருங்க, பவர் சப்ளைல இருந்து நேரா வர்ற மோலெக்ஸ் கனெக்டர்ல மட்டும் சொருகுற ஃபேனுக்கு மதர்போர்டுல இருந்து வேகம் குறைக்க முடியாது, எப்பவும் ஒரே இரைச்சல்தான். காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பாக்ஸ் ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பர பில்லுல எழுத வச்சிடுங்க, ஷோ பீஸயும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

இப்போதைக்கு தம்பி முன் பேனல் இல்லாமதான் ஓட்டுறான், ஃபில்டர் இல்லாததால தூசி நேரா ஃபேனுக்குள்ள போகுது. 1915ல கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு, நம்பர் வந்திருக்கு. கடைக்காரங்க என்ன பதில் சொல்றாங்கன்னு வந்ததும் இங்கயே போடுறேன்.